காட்சிப்பொருள் எண் பதினான்கு

இராயபுரம் ரயில் நிலையத்துக்குப் பின்னால், சுவரில் அரசங்கன்று முளைத்த பழைய கிடங்கு ஒன்று இருக்கிறது. அதில் எந்தப் படத்தைத் திரையிட்டாலும் பார்க்க வந்தவர்கள் அழுவார்கள். கப்பலேறக் காத்திருந்த மிளகாய் மூட்டைகளை ஒரு காலத்தில் கூரைவரை அடுக்கி வைத்திருந்த கிடங்கு அது. அறுபது வருஷத்து நெடி சுண்ணாம்புக்குள் ஊறிப் போயிருந்தது. மின்விசிறியைச் சுற்றவிட்டால் போதும், கண் கலங்கும், மூக்கு ஒழுகும். ‘வடகடல் உலக சினிமா வட்டம்’ அதை வாடகைக்கு எடுத்த நாள் முதல், மனத்தை உலுக்கும் படங்களாகத் தேர்ந்தெடுப்பவர்கள் என்று பெயர் வாங்கிவிட்டது. ஒருமுறை கருவி பழுதாகி, கால் மணி நேரம் வெறும் வெள்ளைத் திரைதான் தெரிந்தது. அப்போதும் முன்வரிசையில் மூன்று பேர் கைக்குட்டையை எடுத்தார்கள்.

வட்டத்தின் தலைவர் மாசானம். துறைமுகத்தில் கிளியரிங் ஏஜெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கன்டெய்னரை நடத்தியது போலவே படங்களையும் நடத்துவார். எந்த நாட்டுச் சரக்கு, எத்தனை நிமிடம், எந்தெந்த விழாவில் முத்திரை விழுந்தது என்று விரல்நுனியில் வைத்திருப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கிற வழக்கம் இரண்டு தொழிலிலும் அவருக்கு இருந்ததில்லை.

இந்த வருஷத் திருவிழாவுக்கு ‘உலக சினிமாவில் வீட்டுப் பணியாளர்களும் வர்க்கப் பிளவுகளும்’ என்று தலைப்பு வைத்தார்கள். மூன்று நாள், பதினேழு நாடு, இருபத்தாறு படம். தொடக்க விழாவில் விளக்கேற்ற ஓர் அசல் வீட்டுப் பணியாளர் வேண்டும் என்று செயற்குழுவில் பேச்சு வந்தது. அப்படி ஒருவரை எங்கே போய்த் தேடுவது என்று பதினொரு உறுப்பினர்களும் முக்கால் மணி நேரம் கலங்கினார்கள். பதினொரு பேர் வீட்டிலும் காலையில் யாரோ காப்பி போட்டுக் கொடுத்துத்தான் அவர்கள் கூட்டத்துக்கு வந்திருந்தார்கள். கடைசியில் மாசானம் நெற்றியைத் தட்டிக்கொண்டு, “எங்க வீட்லயே கெங்கம்மான்னு ஒருத்தி இருக்காளே!” என்றார். சபை கைதட்டி அந்தக் கண்டுபிடிப்பைக் குறிப்பேட்டில் ஏற்றியது.

கெங்கம்மா ஒப்புக்கொண்டது விளக்கேற்றுவதற்காக அல்ல. அவளுக்கு அங்கே வேறு வேலை இருந்தது.

மாசானத்தின் மகன் அர்ஜுன் வெளிநாட்டில் சினிமா படிப்பவன். சில வருஷத்துக்கு முன் விடுமுறையில் வந்தபோது, கேமராவைத் தூக்கிக்கொண்டு வீட்டையே சுற்றிச் சுற்றிப் படமெடுத்தான். அப்போது கெங்கம்மாவின் மகள் மகிழினிக்குப் பதின்மூன்று வயது. பள்ளி விட்டதும் சைக்கிளில் நேராக அம்மா வேலை செய்யும் அந்த அடுக்குமாடிக் கட்டடத்துக்கு வந்து, பின்படிக்கட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். முன்படிக்கட்டு குடியிருப்பவர்களுக்கு. பின்படிக்கட்டு குப்பைக்கூடைக்கும், காஸ் சிலிண்டருக்கும், கெங்கம்மாவுக்கும்.

அதற்கு அடுத்த வருஷம் பேசின் பிரிட்ஜ் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் லாரி திரும்பியபோது மகிழினியின் சைக்கிள் அதன் அடியில் போய்விட்டது. சைக்கிளோடு அவளும்.

அந்த வருஷ டிசம்பரில் வெள்ளம் வந்து, புளியந்தோப்பில் அவர்கள் வீட்டில் இடுப்பளவு நின்றது. மகிழினி ஆடியது, பாடியது, ‘எம்மோவ்’ என்று கூப்பிட்டது எல்லாம் பதிவாகியிருந்த கைபேசி நாலு நாள் சேற்றுத் தண்ணீரில் கிடந்தது. யானைக்கவுனிவரை போய் ஏழு கடையில் காட்டியும் உயிர் வரவில்லை. மிஞ்சியது பள்ளி அடையாள அட்டையில் ஒட்டியிருந்த முகம் மட்டும். அதில் அவள் சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாது என்று போட்டோக்காரர் சொல்லியிருந்தாராம்.

முகமாவது அட்டையில் இருந்தது. குரல்தான் எங்கேயும் இல்லை. கொஞ்ச நாளாக அந்தக் குரல் கெங்கம்மாவுக்கு மறந்துகொண்டே வந்தது. பாத்திரம் தேய்க்கும்போது சட்டென்று நிறுத்தி, அதை நினைவுக்குக் கொண்டுவரப் பார்ப்பாள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் குரல் வரும். சீரியலில் வரும் குரல் வரும். அது மட்டும் வராது.

அந்த நேரத்தில்தான் அர்ஜுன் போன் செய்தான்.

“அக்கா, நம்ம பின்படிக்கட்டைப் பத்தி எடுத்த படத்தை முடிச்சிட்டேன். பதினெட்டு நிமிஷம். அதுல மகி வர்றா. ஒரு நிமிஷம் பேசறா.”

கெங்கம்மா படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். “இன்னா தம்பி சொல்ற? பேசுதா? எம் போனுக்கு அனுப்பு தம்பி. ஒடனே அனுப்பு.”

“அனுப்ப முடியாதுக்கா. ரெண்டு வருஷத்துக்கு வெளிய யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு வெளிநாட்டு விழாக்காரங்ககிட்ட கையெழுத்துப் போட்டிருக்கேன். வெளிய போச்சுன்னா படத்தைப் போட்டியிலேர்ந்தே தூக்கிடுவாங்க. அப்பாவோட விழாவுல ஒரே ஒரு தடவை போடறதுக்கு மட்டும் அனுமதி வாங்கியிருக்கேன். அங்க பார்த்துடுங்க.”

அன்று இரவு சோற்றுத்தட்டுக்கு முன்னால் வைத்து கணவன் துரையிடம் சொன்னாள். ஆடு அறுக்கும் ஆட்டுத்தொட்டியில் வண்டிக்கு லோடு ஏற்றுகிறவன். பேச்சு குறைந்து போனவன். தட்டைத் தள்ளி வைத்தான்.

“நான் வர்ல கெங்கா. என்னால முடியாது. நீ போய்க் கேட்டுகினு வா. கொயந்த இன்னா சொல்ச்சோ, ஒரு வார்த்த உடாம வந்து சொல்லு.”

அவ்வளவுதான் கெங்கம்மாவுக்கு அந்த விழாவில் வேலை. ஒரு நிமிஷம் கேட்க வேண்டும். வார்த்தை சிந்தாமல் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

*

விழாவன்று வாசலில் ஒரு மேசை போட்டு நான்கு நிற அட்டைகளை அடுக்கி வைத்திருந்தார் வட்டத்தின் செயலாளர் சாவியோ. விதிகள் என்றால் அவருக்கு உயிர். வட்டத்தின் நூற்றுப்பத்து விதிகளில் தொண்ணூறு அவர் எழுதியவை. பச்சை அட்டை உறுப்பினருக்கு, நீலம் விருந்தினருக்கு, மஞ்சள் பத்திரிகைக்காரருக்கு. கெங்கம்மாவின் கழுத்தில் அவர் மாட்டியது சிவப்பு. அதில் ‘கருப்பொருள்’ என்று அச்சிட்டிருந்தது.

“என் சீட்டு எங்க சாரு?”

சாவியோ கையேட்டைப் புரட்டினார். “கருப்பொருளுக்கு இருக்கை கிடையாதும்மா. விதி முப்பத்தொன்று. கருப்பொருள் திரையில் இருக்கும், பார்வையாளர் இருக்கையில் இருப்பர். நீங்க ரெண்டு இடத்துலயும் இருந்தா கணக்கு உதைக்கும்.”

“நின்னுகினு பாக்கறேன் சாரு. பதினெட்டு நிமிசந்தான?”

அதற்கு எதிராக விதி ஏதும் இல்லையா என்று அவர் இரண்டு முறை தேடினார். இல்லை. மனமில்லாமல், தீயணைப்பு வாளிகளுக்குப் பக்கத்தில் நிற்க அனுமதித்தார்.

விளக்கேற்றினாள். பொன்னாடை போர்த்தினார்கள். அடுத்த விருந்தினருக்கு ஒன்று குறைந்ததால் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பிறகு மாசானம் தலைமையுரைக்கு எழுந்தார்.

“நண்பர்களே! வேலைக்காரி என்ற சொல்லையே எங்கள் வீட்டில் நாங்கள் பயன்படுத்துவதில்லை. பத்தொன்பது ஆண்டுகளாகக் கெங்கம்மா எங்கள் குடும்பத்தில் ஒருத்தி. அவளுக்கென்று தனித் தட்டு. தனி டம்ளர். ஏறி இறங்கத் தனிப் படிக்கட்டே கொடுத்திருக்கிறோம்! சொந்தத் தங்கைக்குக்கூட நான் இவ்வளவு செய்ததில்லை. உலக சினிமா நமக்குக் கற்றுத் தருவது என்ன? வர்க்கங்களுக்கு நடுவே ஒரு சுவர் இருக்கிறது. அந்தச் சுவரை நாம் ரசிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும்.”

மிளகாய் நெடியில் அரங்கமே கண்ணைத் துடைத்துக்கொண்டது. முதல் வரிசையில் இருந்த அவர் மனைவி சிவந்தி பெருமையோடு திரும்பிப் பார்த்தார்.

பத்து மணிக்குத் தொடங்கிய உரைகள் பன்னிரண்டரைக்கு முடிந்தன. அடுத்து முதல் படம். வடக்கு ஐரோப்பாவில் எங்கோ ஒரு பணிப்பெண் ஒரே ஒரு ஜன்னல் கண்ணாடியை இருபத்திரண்டு நிமிடம் துடைத்தாள். ஈரத்துணியால் துடைத்தாள், பெருமூச்சு விட்டாள், திரும்பத் துடைத்தாள். அரங்கில் மூச்சுச் சத்தம் இல்லை.

“பேப்பர கசக்கித் தொடச்சா ரெண்டு நிமிசத்துல பளபளன்னு பூடும். யாரும் சொல்லித் தர்ல போல, பாவம்” என்று கெங்கம்மா வாளியிடம் சொல்வது போலச் சொன்னாள். கடைசி வரிசையில் இருந்த விமர்சகர் ஒருவர் திரும்பி முறைத்தார். அப்புறம் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு தன் பெயரை அடியில் போட்டுக்கொண்டார்.

படம் முடிந்ததும் சாவியோ ஒலிபெருக்கியில் அறிவித்தார். தேநீருக்குப் பத்து நிமிடம். அதன் பிறகு அர்ஜுனின் ‘பின்படிக்கட்டு’. படம் தொடங்கினால் கதவு சாத்தப்படும். விதி பன்னிரண்டு.

விடியற்காலையில் கிளம்பியதிலிருந்து கெங்கம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. காது அடைத்தது. அந்த ஒரு நிமிஷத்துக்குக் காது சரியாக இருக்க வேண்டுமே என்று, ஒரு வாய் டீ குடிக்க வெளியே வந்தாள்.

டீ போட்டுக்கொண்டிருந்த பஷீர் புளியந்தோப்பில் அவள் சந்துக்காரன். கையை விரித்தான்.

“யக்கா, டீ கீது, கப்பு இல்ல. ரெண்டரை அவரு பேசித் தள்ட்டாங்க, எரநூறு கப்பும் காலி. டம்ளர் எதுனா வெச்சினு கீறியா?”

“நான் எங்கடா டம்ளருக்குப் போவேன்” என்று சொல்லிக்கொண்டே திரும்பினாள்.

டம்ளர் இருந்தது. நடைபாதையில், கறுப்புத் துணி போர்த்திய பீடத்தின் மேல், கண்ணாடிப் பெட்டிக்குள் அவளுடைய டம்ளர் இருந்தது.

அது மாசானம் வீட்டு அடுக்களையில், பின்பக்க ஜன்னல் விளிம்பில் பத்தொன்பது வருஷம் கவிழ்ந்திருந்த எவர்சில்வர் டம்ளர். விளிம்பில் ஒரு நெளிசல். போன மாதம் காணாமல் போனது. கேட்டபோது, “எங்கயோ வச்சுட்டேன் கெங்கா, தேடணும்” என்றிருந்தார் சிவந்தி. அன்று முதல் கெங்கம்மாவுக்கு அந்த வீட்டில் டீ இல்லை. அடுக்களை அலமாரியில் நாற்பத்தெட்டு டம்ளர் அடுக்கியிருந்தது. ஆனாலும் டம்ளர் இல்லை.

“அம்மா கொண்டாந்து இங்க வெச்சிட்ச்சா? சொல்லவே இல்ல பாரேன்” என்றாள். தனக்கு டீ தர வேண்டும் என்று நினைத்து மறக்காமல் எடுத்து வந்திருக்கிறாரே என்று மனசு குளிர்ந்தது. கண்ணாடி மூடியைத் தூக்கி டம்ளரை எடுத்தாள். ஒரு மாதத் தூசி, அடியில் காய்ந்த டீக்கறை. குழாயடியில் பஷீரின் நாரையும் சோப்புத்தூளையும் வாங்கி, தன் கைக்கே உரிய வேகத்தில் தேய்த்தாள். வெள்ளியாக மின்னியது. டீயை வாங்கி இரண்டு மடக்குக் குடித்தாள்.

அப்போதுதான் அந்த அலறல் கேட்டது.

*

அலறியவர் பேராசிரியர் ஆவுடையம்மாள். விழாவையொட்டி நடைபாதையில் வைத்திருந்த கண்காட்சியை அமைத்தவர். பெட்டிக்கு அடியில் அவர் எழுதிய அட்டை இருந்தது: ‘காட்சிப்பொருள் எண் 14. பெயரற்ற டம்ளர். எவர்சில்வர், தேநீர்க் கறை, தூசி. பயன்படுத்தியவர்: அறியப்படவில்லை.’

“கறையைக் கழுவிட்டாங்க! கறைதான் வரலாறு! அந்தத் தூசியை ஒரு மாசமா நான் பாதுகாத்தேன்!”

“கலீஜா இருந்துச்சிம்மா. அதான் தேச்சேன்” என்றாள் கெங்கம்மா. “என் டம்ளருதான் இது.”

“உங்க டம்ளரா? இது வட்டத்தோட சொத்து!”

சாவியோ ஓடிவந்தார். காட்சிப்பொருளுக்குச் சேதம் என்றால் அரை மணி நேரத்துக்குள் மூவர் குழு விசாரிக்க வேண்டும். விதி எழுபத்திரண்டு. அரங்குக்குள் மணி அடித்தது. ஜனங்கள் உள்ளே போனார்கள். கெங்கம்மாவும் பின்னாலேயே ஓடினாள். கதவருகே சாவியோ கையை நீட்டி மறித்தார்.

“விசாரணை முடியற வரைக்கும் நீங்க அரங்குக்குள்ள போக முடியாது.”

“சாரு, இந்தப் படம் மட்டும் பாத்துட்டு வந்துர்றேன். அப்பால இன்னா வேணா கேளு. எம் பொண்ணு சாரு. எம் பொண்ணு பேசுது அதுல!”

“புரியுதும்மா. அதனாலதான் விசாரணையைச் சீக்கிரம் ஆரம்பிக்கறோம்.”

கதவு சாத்தப்பட்டது.

அரங்கத்தை ஒட்டி, ஒரு பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் அலுவலக அறை. மேசைக்குப் பின்னால் மாசானம் நடுவிலும் பேராசிரியரும் சாவியோவும் இரு பக்கத்திலும் உட்கார்ந்தார்கள். மேசைமேல் பாதி டீயோடு டம்ளர். அதில் ‘ஆதாரம் 1’ என்று ஒரு சீட்டை நூலில் கட்டினார் சாவியோ. மூன்று நாற்காலிதான் இருந்தது. கெங்கம்மா நின்றாள். தடுப்புக்கு அப்பால் படத்தின் இசை தொடங்கியிருந்தது.

“கெங்கம்மா, பயப்படாதே” என்று ஆரம்பித்தார் மாசானம். “உன்னை வேலைக்காரின்னு நாங்க நினைச்சிருந்தா நாலு திட்டு திட்டி அனுப்பியிருப்போம். படத்துக்கும் போயிருப்பே. உன்னைச் சக மனுஷியா மதிக்கிறதுனாலதான் முறைப்படி விசாரணை.”

“என்னைத் திட்டிடுங்க சாரு” என்றாள் கெங்கம்மா. “நல்லா கேவலமா திட்டிட்டு உட்டுடுங்க.”

“பாத்தீங்களா, அடிமைத்தனம் எவ்வளவு ஆழமா ஊறியிருக்கு!” என்று பேராசிரியர் எழுதிக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார். “பெட்டியைத் திறக்கும்போது உங்க மனசுல என்ன ஓடிச்சு?”

“பஷீரு அடுப்ப அணைச்சிடுவானேன்னு ஓட்ச்சி.”

“கோபம்? தலைமுறை தலைமுறையான கோபம்?”

“காது அடச்சிகினு இருந்துச்சிம்மா.”

பேராசிரியர் உதட்டைப் பிதுக்கினார். “தலைவர் அவர்களே, இது அறியாமையா, எதிர்ப்பா, இல்ல இதுவே ஒரு கலைச் செயலா? அதை வச்சுத்தான் எந்தப் படிவம்னு முடிவு பண்ணணும். வெள்ளைப் படிவமா, நீலமா?”

“கலைச் செயல்னா முன்அனுமதி வேணும்” என்றார் சாவியோ.

“நீலமே போடுங்க” என்றார் மாசானம்.

அப்போது தடுப்புக்கு அந்தப் பக்கம் இசை நின்றது. செருப்புச் சத்தம். சைக்கிள் மணி ஒன்று. அப்புறம் அது கேட்டது.

“அய்ய, அண்ணா, எடுக்காத! நான் கலீஜா கீறேன்!”

கெங்கம்மா சட்டென்று திரும்பினாள். அதே குரல்தான். எத்தனை ராத்திரி தேடியும் வராத குரல், பலகைக்கு அந்தப் பக்கம், நாலு விரல் தூரத்தில் பேசிக்கொண்டிருந்தது. பாய்ந்து போய்ப் பலகையில் காதை வைத்தாள்.

மாசானம் மேசை மணியைத் தட்டினார். “விசாரணையில எழுந்து போகக் கூடாது.”

“உட்காரவே இல்லையே, எழுந்துட்டாங்கன்னு எப்படிப் பதிவு பண்றது?” என்றார் சாவியோ.

“சாரு! ஒரு நிமிசம்! ஒரே ஒரு நிமிசம் எல்லாரும் பேசாம இருங்க! காலுல விழறேன்!”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“ஒரு நிமிட மௌனம் கேட்கிறார்” என்றார் சாவியோ. “யாருக்குன்னு கேட்கணும். மௌன அஞ்சலி பட்டியல்ல பெயர் இருந்தாத்தான் முடியும்.”

“அவங்க மகளுக்கா இருக்கலாம்” என்றார் பேராசிரியர்.

“உறுப்பினரா?”

“இல்ல. கருப்பொருளோட வாரிசு.”

“வாரிசுக்கு விதி இல்லை. திருத்தம் கொண்டு வரணும்.”

“பேசாதீங்க சாரு...” என்றாள் கெங்கம்மா. பலகையோடு முகத்தை அழுத்தினாள். வார்த்தைகள் வரவில்லை. ஓசை மட்டும் வந்தது. மகள் ஏதோ சொன்னாள். அர்ஜுன் ஏதோ கேட்டான். அவள் சிரித்தாள்.

“மனிதாபிமான அடிப்படையில் நான் முன்மொழிகிறேன்!” என்று மாசானம் எழுந்தார். அவருக்குக் குரல் தழுதழுத்தது. உண்மையாகவே தழுதழுத்தது. “ஒரு தாயின் வேண்டுகோள், நண்பர்களே! நம் வட்டத்தின் இருபத்தோராண்டு வரலாற்றில் ஒரு பணியாளர் வைக்கும் முதல் கோரிக்கை! இதை நாம் ஏற்கவில்லை என்றால் எந்த முகத்தோடு உலக சினிமா பார்ப்போம்?”

“வழிமொழிகிறேன்” என்றார் பேராசிரியர்.

“எதிர்ப்பு இல்லை. ஒருமனதாக நிறைவேறியது” என்று சாவியோ எழுதி, நேரம் குறித்து, மூவரிடமும் கையெழுத்து வாங்கினார்.

பிறகு மூவரும் எழுந்து நின்று, தலை குனிந்து, ஒரு நிமிடம் மௌனம் காத்தார்கள்.

அறையில் ஊசி விழுந்தால் கேட்கும். தடுப்புக்கு அந்தப் பக்கம் இசை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கெங்கம்மா பலகையில் காதை வைத்தபடியே அந்த ஒரு நிமிடமும் நின்றாள். யாரும் பேசவில்லை. சொன்னதைச் சொல்லிவிட்டு மகிழினி போயிருந்தாள்.

*

கதவு திறந்தது. ஜனங்கள் விம்மலும் தும்மலுமாக வெளியே வந்தார்கள். படத்தில் அந்தப் பெண் குடித்த டம்ளர் இங்கேதான் இருக்கிறதாமே என்று ஒரே நெரிசலாகக் கண்காட்சிப் பக்கம் நகர்ந்தார்கள்.

பீடத்தின் மேல் திறந்த கண்ணாடிப் பெட்டி வெறுமையாக இருந்தது. அடியில் அட்டை: ‘பயன்படுத்தியவர்: அறியப்படவில்லை.’

கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. கடைசி வரிசை விமர்சகர்தான் முதலில் வாய் திறந்தார். “டம்ளரே இல்லாத டம்ளர்! இதுக்கு மேல என்னங்க சொல்ல முடியும்?” கைபேசிகள் உயர்ந்தன. யாரோ கைதட்டினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள்.

விசாரணை அறையிலிருந்து ஓடிவந்த பேராசிரியர் ஒரு கணம் திகைத்து, அடுத்த கணம் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “ஆமா. அதுதான் எங்க நோக்கமே” என்றார். மாசானம் ஒலிபெருக்கியை வாங்கி, வெறுமையின் அரசியல் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசினார். நீலப் படிவம் கிழிக்கப்பட்டது. டம்ளரை யாரும் தேடவில்லை. திரும்பக் கிடைத்துவிட்டால் காட்சி கெட்டுப் போகும் அல்லவா?

கெங்கம்மா சாவியோவிடம் போய் நின்றாள். “இன்னொரு தபா போட மாட்டீங்களா சாரு?”

“ஒரு திரையிடலுக்குத்தாம்மா அனுமதி. ரெண்டு வருஷம் கழிச்சு விண்ணப்பம் குடுங்க. சிவப்பு அட்டையைப் பத்திரமா வச்சிருங்க, அப்ப கேட்பாங்க.”

விசாரணை மேசையில் அப்படியே கிடந்த டம்ளரை எடுத்து, ஆறிப்போயிருந்த டீயைக் கொட்டிவிட்டு, முந்தானையில் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பஷீர் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் துணியைக் கீழே போட்டான்.

“யக்கா! நீ உள்ள இல்லியா? உன் பொண்ணு வந்துச்சே! நான் பின்னாடி கதவு சந்துல நின்னு பாத்துகினு இருந்தேன்.”

கெங்கம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “பஷீரு, இன்னா சொல்ச்சிடா? ஒரு வார்த்த உடாம சொல்லுடா.”

பஷீர் கண்ணை மூடி யோசித்தான்.

“படிக்கட்டுல உக்காந்துகினு கீது. கைல டம்ளரு, நெளிஞ்ச டம்ளரு. ஊதி ஊதிக் குடிக்கிது. அந்தத் தம்பி கேட்டான், பெரிய ஆளா ஆனா அம்மாவுக்கு இன்னா வாங்கித் தருவேன்னு. அதுக்குச் சொல்ச்சி, ‘இன்னோரு டம்ளரு’ன்னு சொல்ச்சி. அந்தத் தம்பி சிரிச்சான். ‘சிரிக்காத, அண்ணா. ரெண்டு பேருக்கும் இந்த ஒரு டம்ளருதான். எனக்கு நாக்கு சுடும். ஆத்துறதுக்கு ரெண்டு டம்ளரு வேணாமா? எங்கம்மா எனக்குக் குட்த்துட்டு, நான் ஊதிக் குடிச்சி முடிக்கிற வரைக்கும் வேடிக்க பாத்துகினு கீது. இன்னோரு டம்ளரு இருந்தா ஆத்திக் குடிக்கலாம். ரெண்டு பேரும் ஒண்ணா குடிக்கலாம்’னு சொல்ட்டு, அது பாட்டுக்கு நோட்ட எடுத்து எய்த ஆரமிச்சிட்ச்சி. அவ்ளோதான் யக்கா.”

கெங்கம்மா உதட்டை அசைத்து அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். ஷேர் ஆட்டோவில் சொன்னாள். பக்கத்தில் இருந்தவர் தள்ளி உட்கார்ந்தார். புளியந்தோப்பில் இறங்கி, சந்தில் திரும்பும் வரை சொன்னாள்.

துரை விளக்குக்கூடப் போடாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். அவள் சொன்னாள். ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். அவன் இரண்டாம் முறை சொல்லச் சொன்னான். சொன்னாள். அப்புறம் கேட்டான்:

“கொரலு எப்பிடி இருந்துச்சி?”

“அதே கொரலுதான். சோக்கா இருந்துச்சி” என்றாள் கெங்கம்மா. அவள் கேட்டிருந்தது ஆறே வார்த்தை.

*

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பின்படிக்கட்டில் ஏறி மாசானம் வீட்டு அடுக்களைக்குப் போனாள். சிவந்தி செய்தித்தாளை விரித்துக்கொண்டு வந்தார். வெறும் பெட்டியின் படம் நாலு பத்தி அகலத்துக்கு வந்திருந்தது. படத்தில், பெட்டிக்குப் பக்கத்தில் மாசானம் கைகட்டி நின்றார்.

“பாத்தியா கெங்கா, உன்னாலதான் இவ்வளவு பேரும் புகழும்! ஐயாவுக்கு ராத்திரி பூரா போன்தான்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “பழைய டம்ளர் போனா போயிட்டுப் போவுது. உனக்குன்னு புதுசே வாங்கிட்டேன். பாரு.”

ஜன்னல் விளிம்பில் ஒரு புது எவர்சில்வர் டம்ளர் கவிழ்ந்திருந்தது. கடை ஒட்டிய சீட்டுகூடக் கிழியவில்லை.

கெங்கம்மா அதைப் பார்த்தபடி நின்றாள். பாத்திரம் தேய்த்தாள், வீடு பெருக்கினாள், துணி அலசினாள். பத்து மணிக்குச் சிவந்தி டீயைப் புது டம்ளரில் ஊற்றி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனார். அதை எடுத்துக்கொண்டு பின்படிக்கட்டில், மகள் உட்காரும் மூன்றாவது படியில் உட்கார்ந்தாள். பைக்குள்ளிருந்து நெளிந்த டம்ளரை எடுத்தாள்.

புதிதிலிருந்து பழையதற்கு ஊற்றினாள். பழையதிலிருந்து புதியதற்கு. கையை உயர்த்தி, நீளமாக, நுரை கட்ட ஆற்றினாள்.

குப்பைக்கூடையை வைக்க வந்த சிவந்தி கதவருகே நின்றார். “ரெண்டு டம்ளர் எதுக்குடி?”

“சூடா குடிச்சா நாக்கு சுட்ரும்மா.”

“உனக்கா? நீ கொதிக்கக் கொதிக்கக் குடிக்கறவளாச்சே!”

டீ எப்போதோ ஆறிவிட்டது. கெங்கம்மா ஆற்றிக்கொண்டே இருந்தாள்.